வாலிபப் பிள்ளைகளோடு வேதாகம நாடகம்: முதல் முறை இறங்குகிறவர்களுக்கு

சபையில் யாராவது உங்களிடம் வந்து, "இந்த வருஷம் பிள்ளைகளை வச்சு ஒரு நாடகம் போட்டுருங்க" என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கலாம், பங்கில் மறைக்கல்வி எடுக்கும் அக்காவாக இருக்கலாம். நாடக அனுபவம் கிடையாது. மதுரை டவுனிலோ, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமோ ஒரு சின்னச் சபை, பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஒரு ஹால், ஒரு பழைய மைக் செட். இவ்வளவு போதும், தைரியமாக இறங்கலாம்.

இறங்குவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஓடப்போவது 15 நிமிடம். ஒத்திகை ஆறு வாரமோ எட்டு வாரமோ நடக்கும். பிள்ளைகளுக்குள் விசுவாசம் இறங்குவது அந்த ஒத்திகை வாரங்களில்தான். கெட்டகுமாரன் கதையில் மூத்த மகனாக நடிக்கிற பையன் ஆறு வாரம் அந்த மூத்த மகனின் கோபத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வருகிறான், அவனுக்கு லூக்கா 15 பற்றி நீங்கள் தனியாகப் பிரசங்கம் செய்ய வேண்டியதே இல்லை. அதனால் கைதட்டலுக்காக ஒத்திகையைச் சுருக்கி, பிள்ளைகளுக்கு வசனத்தை மனப்பாடம் செய்யக் கொடுத்து, கடைசி வாரத்தில் அவசர அவசரமாக நிறுத்திவைப்பதென்றால், நாடகம் போடாமலே இருக்கலாம் என்பதுதான் என் கருத்து.

"கோயிலுக்குள்ள கூத்தா?" என்று கேட்பார்கள்

கண்டிப்பாக ஒரு பெரியவர் கேட்பார். அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம், வேதாகமத்தையே திறந்து காட்டுங்கள். எசேக்கியேல் 4-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி ஒரு செங்கல்லை எடுத்து, அதன்மேல் எருசலேமை வரைந்து, சுற்றி முற்றுகை போட்டுக் காட்டுகிறார். அப்புறம் இடதுபக்கமாக 390 நாள், வலதுபக்கமாக 40 நாள் படுத்துக் கிடக்கிறார். எரேமியா 19-இல் எரேமியா மண்கலசத்தை ஜனங்களின் கண்ணெதிரே உடைக்கிறார். 2 சாமுவேல் 12-இல் நாத்தான், தாவீதை நேராகக் குற்றம்சாட்டாமல் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொல்லி, ராஜா தன் வாயாலேயே தனக்குத் தீர்ப்புச் சொல்லும்படி செய்கிறார். இதெல்லாம் ஜனங்களின் கண்ணுக்கும் மனசுக்கும் முன்னால் நடத்திக் காட்டியவை.

நம் மண்ணிலும் இது புதிதில்லை. 1774-இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், குறத்தி குறி சொல்லும் குறவஞ்சி வடிவத்தையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்து நாடக மேடைகளில் வள்ளி திருமணத்தோடு ஞானசவுந்தரி என்ற கிறிஸ்தவக் கதையும் ஆடப்பட்டது. அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் எடுத்த தியோபிலஸ் அப்பாவு, எல்லாரும் பரட்டை அண்ணன் என்று கூப்பிட்டவர், நாட்டுப்புற இசைதான் எளிய மக்கள் தங்கள் வாயில் வைத்து மாற்றிப் பாடிக்கொள்ளக்கூடிய இசை என்று சொல்லி அதை ஆராதனைக்குள்ளேயே கொண்டுவந்தார். திண்டுக்கல், சிவகங்கை பக்கம் கத்தோலிக்க ஊர்களில் இரவு முழுக்க நடக்கும் பாஸ்கா என்ற இயேசுவின் பாடுகளின் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

காலண்டரை எடுத்து வையுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் டிசம்பரில் ஒத்திகை வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வரும், அது முடிவதற்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும், அந்த நாட்களில் கீத பவனி வேறு. ஆகவே காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டுங்கள், அக்டோபர், நவம்பரில் ஒத்திகை பாருங்கள், டிசம்பர் முதல் வாரத்துக்குள் நாடகம் கையில் நிற்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மழைக்காலம் என்பதால் வெளியே மைதானத்தை நம்ப வேண்டாம், ஹாலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஜனவரியிலிருந்து விட்டுவிடுங்கள். வருவேன் என்று அவர்களே சொன்னாலும் முக்கிய வேஷம் கொடுக்காதீர்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி நாட்களில் சின்னச் சின்னக் காட்சிகள் போடலாம், பகல் வெயிலில் ஓடவிடாமல் காலையிலோ மாலை ஐந்தரைக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் டவுனுக்குள் வீதி நாடகம் யோசிக்கவே வேண்டாம், ஊரே அழகரைப் பார்க்கத் தெருவில் நிற்கும். உண்மையில் முதல் நாடகத்துக்கு நல்ல காலம் ஜூலை, ஆகஸ்ட். பண்டிகை நெருக்கடி இல்லை, யாரும் பெரிதாக எதிர்பார்க்க மாட்டார்கள், நிம்மதியாகக் கற்றுக்கொள்ளலாம்.

ஆள் சேர்ப்பு, பெற்றோர், பாதுகாப்பு

எட்டு முதல் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் பாதிப்பேர் சுவரோரம் உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். வாரம் இரண்டு முறை, ஒன்றரை மணி நேரம். நடிப்புத் தேர்வு வைக்காதீர்கள், கேட்கிற எல்லாரையும் சேருங்கள்.

முதலில் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுங்கள், சபைக் கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அடுத்தது பெற்றோர். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் போதாது, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பத்து நிமிடம் நிறுத்தி, எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் கூட இருப்பார்கள், பெண் பிள்ளைகள் யாரோடு வீட்டுக்குத் திரும்புவார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு விதி: ஒத்திகையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் நிலை எந்தக் காரணத்துக்கும் வரக் கூடாது. உடை மாற்ற ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அறை. பிள்ளைகளின் படத்தை இணையத்தில் போடுவதற்குத் தனியாகக் கேளுங்கள். இதெல்லாம் சந்தேகப்படுவதற்காக என்று யாரும் நினைக்க வேண்டாம், பிள்ளைகளை நம்பி அனுப்புகிறவர்களுக்கு நாம் கொடுக்கிற மரியாதை இது.

முதல் இரண்டு வாரம் ஸ்கிரிப்ட் வேண்டாம்

எழுதிய தாளைக் கையில் கொடுத்தீர்கள் என்றால் பிள்ளைகள் தாளைத்தான் பார்ப்பார்கள். முதல் நாள் ஹாலில் நடக்கவிடுங்கள். அவசரமாக நடங்கள், தலையில் தண்ணீர்க் குடம் இருக்கிற மாதிரி நடங்கள், மாட்டுத்தாவணியில் கடைசி பஸ்ஸை விட்டவர் மாதிரி நடங்கள். நீங்கள் கை தட்டியதும் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். அப்புறம் குரல். ஒரு பிள்ளை பலிபீடத்துப் பக்கம் நிற்கட்டும், இன்னொன்று கடைசி பெஞ்சில் உட்காரட்டும். கத்தாமல், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்காமல் பேசினால் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கோயில் ஹாலில் எதிரொலி அதிகம், வேகமாகப் பேசினால் ஒன்றும் புரியாது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஒரு மூச்சு விடச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் வேதப்பகுதி. நான் எப்போதும் மாற்கு 2-ஆம் அதிகாரத்தின் முதல் 12 வசனங்களில் ஆரம்பிக்கச் சொல்வேன். நடக்க முடியாத ஒருவரை நான்கு பேர் தூக்கிவந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இறக்கும் பகுதி. மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை சும்மா கேட்கட்டும். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு, அந்த வீட்டுக்குள் தான் எங்கே நிற்கிறோம் என்று யோசிக்கட்டும். மூன்றாம் முறை வாசித்துவிட்டு, ஐந்து சிலைக் காட்சிகளாக இந்தக் கதையைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சே கூடாது.

அதற்குப் பிறகு கேள்வி கேளுங்கள். வீட்டுக்காரருக்குக் கூரை போனதே, அவர் முகம் எப்படி இருந்திருக்கும்? கட்டிலில் கிடந்தவர் "என்னைத் தூக்கிட்டுப் போங்க" என்று கேட்டாரா, வேண்டாம் என்றாரா? நான்கு பேரில் பாதி வழியில் "கூட்டமா இருக்கு, நாளைக்கு வருவோம்டா" என்று சொன்னவர் ஒருவராவது இருந்திருப்பாரா? இயேசு "அவர்களுடைய விசுவாசத்தை"க் கண்டார் என்றுதான் வேதம் சொல்கிறது, படுத்திருந்தவரின் விசுவாசத்தை மட்டும் என்று சொல்லவில்லை. இந்த இடத்துக்கு வரும்போது பிள்ளைகள் ஆழமாகப் பேசுவார்கள், வீட்டில் படுக்கையில் கிடக்கும் அப்பத்தாவைப் பற்றி, குடியை விட முடியாத சித்தப்பாவைப் பற்றி. நீங்கள் நடுவில் புகுந்து பாடம் சொல்லாமல், கேட்டுக்கொண்டு இருங்கள். அவர்கள் சொன்னதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், வெளியே யாரிடமும் சொல்லாதீர்கள்.

எந்தக் கதை

முதல் நாடகத்துக்கு ஏற்றவை: கூரையைப் பிரித்த நான்கு பேர், கெட்டகுமாரன், நல்ல சமாரியன், நாத்தானும் தாவீதும், ரூத்தும் நகோமியும், யோனா. இவை எல்லாவற்றிலும் இரண்டு மூன்று பேர் நேருக்கு நேர் மோதுகிறார்கள், மோதல் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு நடிக்க ஏதாவது இருக்கும். அதிலும் யோனாவின் கடைசி அதிகாரம் ஆண்டவர் கேட்கும் கேள்வியோடு முடிந்துவிடுகிறது, கெட்டகுமாரன் கதையில் மூத்தவன் வீட்டுக்குள் வந்தானா இல்லையா என்று சொல்லப்படவே இல்லை. இப்படித் திறந்து கிடக்கிற முடிவுகளை மூடிவிடாதீர்கள்.

சிலுவைப்பாடு வேண்டாம், முதல் முறைக்கு நிச்சயமாக வேண்டாம். பாஸ்கா ஆடும் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம் இருக்கிறது, அங்கே அது ஒரு விரதம். நம்மிடம் வந்தால் சிவப்புச் சாயத்திலும் சவுக்கடிச் சத்தத்திலுமே பிள்ளைகளின் கவனம் போய்விடும். இன்னொன்று, பாடுகளின் நாடகம் யூதர்களைக் கொடியவர்களாகக் காட்டி வெறுப்பை வளர்த்த வரலாறு உண்டு. ஜெர்மனியில் ஓபராம்மர்காவ் என்ற ஊரில் 1634 முதல் ஆடிவரும் புகழ்பெற்ற பாடுகளின் நாடகத்திலேயே அப்படிப்பட்ட பகுதிகளைச் சமீப காலத்தில் திருத்த வேண்டியிருந்தது. அனுபவம் வந்தபிறகு இதைத் தொடலாம்.

இயேசுவாக யார் நடிப்பது? விக்கும் வெள்ளை அங்கியும் போட்டு ஒரு பையனை நிறுத்தினால், அந்தப் பையன் அடுத்த ஆறு மாதம் எது செய்தாலும் "நீ இயேசுவா நடிச்சவன்தானே" என்று கேட்பார்கள், பாவம். நான் சொல்லும் வழி, இயேசுவின் வார்த்தைகளைக் குழு முழுவதும் சேர்ந்து சொல்வது. யாரைப் பார்த்து அவர் பேசுகிறாரோ அவர் மட்டும் நடுவில் நிற்கட்டும், மற்றவர்கள் சுற்றி நின்று ஒரே குரலில் அமைதியாகச் சொல்லட்டும். செய்து பாருங்கள், நடுவில் நிற்கிற பிள்ளையின் முகம் மாறும்.

பேச்சைப் பிள்ளைகளே உருவாக்கட்டும்

கெட்டகுமாரனை எடுத்துக்கொண்டோம் என்று வையுங்கள். மேலூர்ப் பக்கம் நெல் விளையும் வயல், இரண்டு மகன்கள், சின்னவனுக்கு நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். இரண்டு பிள்ளைகளை நிறுத்தி, காட்சியை மட்டும் சொல்லிவிட்டு, வாய்க்கு வந்ததைப் பேசச் சொல்லுங்கள். இப்படி ஏதாவது வரும்:

"அப்பா, என் பங்க இப்பவே பிரிச்சுக் குடுத்துருங்க."

"நான் உசுரோடதானடா இருக்கேன்?"

"நீங்க போற வரைக்கும் காத்திருக்க முடியாதுப்பா. பிளாட் போடுறவரு இப்பதான் நல்ல ரேட்டு சொல்றாரு."

இதை நீங்கள் உட்கார்ந்து எழுதியிருந்தால் இவ்வளவு உறைக்காது. உயிரோடு இருக்கும் அப்பாவிடம் பங்கு கேட்பது அவரைச் செத்தவராகக் கணக்கு வைப்பது என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்காமலே புரியும், பத்திர ஆபீஸ் வாசலில் அண்ணன் தம்பி பேசாமல் நிற்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்து அப்பா ஓடும் காட்சி. தூரத்தில் மகன் வருவதைப் பார்த்து அவர் ஓடினார் என்று வேதம் சொல்கிறது. நம் ஊரில் வயசான பெரிய மனுஷர் தெருவில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? ஓட மாட்டார், மரியாதை போய்விடும். பதினேழு வயசுப் பையனிடம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பு கழன்று விழ, ஊரே பார்க்க ஓடச் சொல்லுங்கள். முதலில் கூச்சப்படுவான், சிரிப்பான். நாலைந்து ஒத்திகை கழித்து, சிரிக்காமல் ஓடும் நாள் வரும். அன்றைக்கு ஒத்திகையை அங்கேயே நிறுத்திவிட்டு, "கடவுள் உனக்காக இப்படி ஓடுவார்னு நம்புறியா?" என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மூத்தவனையும் விடாதீர்கள். "இத்தன வருஷம் மாடா உழைக்கிறேன், என் சேக்காளிகளோட சாப்பிட ஒரு ஆட்டுக்குட்டி குடுத்திருப்பீங்களா?" என்று அவன் கேட்பது நியாயமாகத்தான் இருக்கும். சபையில் வளர்ந்த, ஒழுங்காக வரும் பிள்ளைகள் பலருக்கும் உள்ளே இந்த மூத்தவன் உண்டு. அப்பா சின்னவனுக்காக வெளியே ஓடியது போலவே மூத்தவனையும் கெஞ்ச வெளியே வருகிறார், அந்த இரண்டாம் முறை வெளியே வருவதைக் காட்சியில் தவறவிடாதீர்கள்.

ஒத்திகையில் வந்த பேச்சைப் போனில் பதிவுசெய்து, பிறகு எழுதி ஒழுங்கு செய்யுங்கள். இரண்டு விதி வைத்துக்கொள்ளலாம்: வேதம் சொல்லாததைக் கற்பனையாகச் சேர்க்கலாம், சொன்னதைப் புரட்டக் கூடாது. எழுதி முடித்ததை ஆயரிடம் காட்டுங்கள், அல்லது அரசரடிக் கல்லூரியில் படிக்கும் இறையியல் மாணவர் யாரையாவது ஒரு மாலை அழைத்து வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சமாரியன் யார் என்று அவர்களே சொல்லட்டும்

லூக்கா 10 எடுத்தால் எல்லாரும் உடனே ஒரே மாதிரி யோசிப்பார்கள்: நாற்கரச் சாலை, கப்பலூர்ப் பக்கம் பைக் விபத்து, ஒருவர் வீடியோ எடுக்கிறார், ஒருவர் பார்க்காத மாதிரிப் போகிறார், கடைசியில் ஒரு ஏழை வந்து தூக்குகிறார். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கதையின் முள் இதில் இல்லை. இயேசு சமாரியன் என்று சொன்னபோது கேட்டவர்களுக்கு அது பிடிக்காத பெயர். பரிதாபத்துக்குரிய ஏழை என்பதற்காக அவர் சமாரியனைத் தேர்ந்தெடுக்கவில்லை, "அவன் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்" என்று கேட்டவர்கள் நினைத்திருந்த ஆள் அவன்.

எனவே பிள்ளைகளிடம் கேளுங்கள்: நம்ம ஊரில், நம்ம தெருவில், யார் வந்து தூக்கினால் அடிபட்டவருக்கே சங்கடமாக இருக்கும்? மௌனம் வரும். அப்புறம் ஒரு பிள்ளை மெதுவாகச் சொல்லும். எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவருக்குத் தனி டம்ளர் என்று. அந்தத் தெருப் பிள்ளைகளோடு சேராதே என்று அம்மா சொன்னது என்று. ஒரே சபையில் ஒரே அப்பத்தில் பங்கெடுத்துவிட்டுக் கல்யாணப் பந்தியில் வேறு வேறாக உட்கார்வதைப் பற்றியும் பேச்சு வரலாம். இதைக் கேட்கத் தயாராக வாருங்கள். குழுவில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள், யாரும் கூனிக் குறுகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, யார் வீட்டுப் பெயரையும் இழுக்கவிடாதீர்கள். மேடையில் ஜாதிப் பெயர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ஒரு தனி டம்ளரைக் காட்சியின் ஓரத்தில் வைத்தாலே சபைக்குப் புரிந்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வருஷ வகுப்பு செய்யாததை இந்த ஒரு மாலைப் பேச்சு செய்யும்.

போகிற போக்கில் ஒன்றையும் சொல்லிக்கொடுங்கள். "தூக்கினா போலீஸ் கேஸ் ஆயிரும்" என்று ஒரு பையன் கண்டிப்பாகச் சொல்வான். விபத்தில் உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே திருத்தம் வந்துவிட்டது, அதனால் பயமில்லாமல் 108-ஐ அழைக்கலாம்.

வேஷம் கொடுக்கும்போது

சாத்தானுக்கும் திருடனுக்கும் கறுத்த பையன், தேவதூதனுக்கும் மரியாளுக்கும் வெளுத்த பிள்ளை. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எத்தனையோ சபைகளில் யாரும் யோசிக்காமலே இது நடக்கிறது, ஆனால் அந்தக் கறுத்த பிள்ளை அதை யோசித்துக்கொண்டே வளர்கிறது. தீமையைக் காட்ட வேண்டுமென்றால் நிறத்தில் காட்டாமல் பேச்சிலும் நடையிலும் காட்டுங்கள். கமிட்டித் தலைவர் மகளுக்கு முக்கிய வேஷம், வாடகை வீட்டுப் பிள்ளைக்கு மரம் வேஷம் என்பதும் அதே தப்புதான். முதல் மூன்று வாரம் எல்லா வேஷத்தையும் எல்லாரும் மாற்றி மாற்றி ஆடட்டும், ஒவ்வொரு பிள்ளையும் அப்பாவாகவும் இரண்டு மகன்களாகவும் ஒரு முறையாவது நின்றிருக்க வேண்டும். அப்புறம் யாருக்கு எது என்று குழுவே சொல்லிவிடும்.

வாயே திறக்காத பிள்ளை ஒன்று இருக்கும். அதற்குத் தாளம் கொடுங்கள்.

பறை, கும்மி, ஒயில்

நாடகத்துக்கு இசை வேண்டும், அதற்குக் கீபோர்டும் டிராக்கும் தேடி அலைய வேண்டாம். விருந்துக் காட்சிக்குக் கும்மி போதும், வட்டமாகக் கைதட்டிப் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் சேர்ந்தே ஆடலாம். பயணக் காட்சிக்கு ஒயிலாட்டம், கையில் ஒரு துணி, காலில் சலங்கை, வரிசையாக முன்னும் பின்னும். ஊரில் ஆடத் தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள், மரியாதையாக அழைத்து, அவர்கள் நேரத்துக்குரிய பணத்தைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். சபைக்கு என்பதால் இலவசம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பறை எடுத்தால் யாராவது முகம் சுளிப்பார்கள். சாவு மேளம் என்பார்கள். அப்பாவு போன்றவர்கள் இந்தச் சுளிப்பை எதிர்த்துத்தான் வேலை செய்தார்கள், திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையடித்து ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு அடங்கிவிடும். ஒடுக்கப்பட்டவர்களின் இசைக்கருவி தேவனுடைய வீட்டில் ஒலிப்பது நற்செய்திக்கு எவ்வளவு பொருத்தம் என்று பிள்ளைகளிடமே பேசுங்கள். பறையை ஆடுவதற்கு முன் தீயில் காய்ச்சித் தோலை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் தொளதொளவென்று இருக்கும். காய்ச்சுவதைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். ஒரு கையில் சுண்டுக்குச்சி, இன்னொன்றில் அடிக்குச்சி. அடிப்படை அடி இரண்டைச் சுத்தமாகப் பழகினாலே ஒரு நாடகத்துக்குப் போதும்.

சினிமா மெட்டில் வசனம் போட்டுப் பாடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மெட்டைக் கேட்டதும் அந்தப் படத்தின் காட்சிதான் பார்க்கிறவர் மனசில் ஓடும். பிள்ளைகளே நாலு வரி கட்டட்டும், ஒரு தாலாட்டு மெட்டோ நடவுப் பாட்டு மெட்டோ அவர்கள் பாட்டியிடமிருந்து கிடைக்கும்.

உடை, மைக், அனுமதி

உடைக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். பழைய வேட்டி, துண்டு, ஒன்றிரண்டு சுங்குடிச் சேலை. எல்லாரும் ஒரே மாதிரிச் சாதாரண உடையில் நின்று, தோளில் போடும் துண்டை மாற்றி ஆளை மாற்றுவது அழகாகவும் இருக்கும், மலிவாகவும் முடியும். தைத்தே ஆக வேண்டுமென்றால், புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறிப்போன தையல் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

நூறு பேருக்குள் என்றால் மைக் வேண்டாம். பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு நடுவில் ஆடுங்கள். ஒரே மைக்கை நோக்கி எல்லாரும் ஓடி ஓடிப் பேசும் நாடகம் நாடகமாகவே இருக்காது. வெளியே ஆடுவதென்றால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள், ஒலிபெருக்கிக்கும் சேர்த்துக் கேளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

வெளியே ஆடும்போது பார்க்கிறவர்களில் பாதிப்பேர் வேறு மதத்தவராக இருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், பிள்ளைகளின் கிளாஸ்மேட்டுகள். யாருடைய சாமியையும் வழிபாட்டையும் கேலி செய்யும் ஒரு வரிகூட நாடகத்தில் இருக்கக் கூடாது. நல்ல சமாரியனை யாருக்கும் காட்டலாம், யாரையும் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. வேறு மதத்து நண்பன் ஒருவன் நானும் நடிக்கிறேன் என்று வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் என்ன கதை, எங்கே ஆடப்போகிறோம் என்று அவன் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஜெபத்தில் உட்காருவதும் உட்காராததும் அவன் விருப்பம்.

பழகியபின்: பார்க்கிறவரையும் உள்ளே இழுப்பது

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய ஃபோரம் தியேட்டர் என்ற முறை வாலிபர் முகாம்களுக்கு அற்புதமாகப் பொருந்தும். ஏழெட்டு நிமிடக் காட்சி ஒன்றைத் தவறான முடிவோடு போடுங்கள். பரீட்சையில் நண்பன் பிட் கேட்கிறான், அல்லது கல்லூரி டூரில் எல்லாரும் குடிக்கக் கூப்பிடுகிறார்கள், இவன் கடைசியில் வளைந்துவிடுகிறான். பிறகு அதே காட்சியை முதலிலிருந்து ஓட்டுங்கள். இம்முறை பார்க்கிறவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி, எழுந்துவந்து, இவன் இடத்தில் நின்று வேறு மாதிரி நடந்து காட்டலாம். எதிரில் நடிப்பவர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடாது, நிஜத்தில் நண்பர்கள் நெருக்குவது போலவே நெருக்க வேண்டும். "முடியாதுன்னு சொல்லிருவேன்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்ன பிள்ளை, எழுந்து வந்து சொல்லிப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நாலைந்து பேர் முயன்றபின், தானியேல் 1-ஐ வாசியுங்கள். ராஜாவின் சாப்பாட்டை மறுத்த அந்த வாலிபன் எவ்வளவு பணிவாக, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டு மறுத்தான் என்பது அப்போது புதிதாகக் கேட்கும்.

ஆடும் நாளும் அடுத்த வாரமும்

ஆடும் நாளில் ஒரு மணி நேரம் முன்னால் வரச் சொல்லுங்கள், வயிறு காலியாக யாரும் இருக்கக் கூடாது, போன்களை ஒரு பையில் வாங்கி வையுங்கள், சேர்ந்து ஜெபியுங்கள். வசனம் மறந்தால் கதை தெரியும், சொந்தமாகப் பேசு என்று சொல்லி அனுப்புங்கள். நாடகம் முடிந்ததும் அதன் பொருளை மைக்கில் விளக்குவதை ஒரு நாள் தள்ளிப்போடலாமா என்று ஆயரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த முடிவோடு ஜனங்கள் வீட்டுக்குப் போகட்டும், சாப்பாட்டு வேளையில் அவர்களே பேசிக்கொள்வார்கள்.

அடுத்த வாரக் கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். எல்லாரும் களைத்திருப்பார்கள், ஆனாலும் வரச் சொல்லுங்கள், டீயும் வடையும் வைத்து வட்டமாக உட்காருங்கள். எந்த இடத்தில் நடிக்கவே கஷ்டமாக இருந்தது, யாருடைய வேஷத்தை விட மனசில்லை, இந்தக் கதையில் கடவுளைப் பற்றி முன்பு நினைத்திராத எதை இப்போது நினைக்கிறாய் என்று கேளுங்கள். முதல் வாரம் குறித்துவைத்த நோட்டைப் பிரித்து, பிள்ளைகள் அன்று சொன்னதையும் இன்று சொல்வதையும் நீங்கள் உங்களுக்குள் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் அடுத்த கதையை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், மூத்த பிள்ளைகளில் இரண்டு பேரை அழைத்து, இந்த முறை நீங்கள் இயக்குங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.